ஏபிஐ செத்தாலும் பில்டு சாகக்கூடாது: இலெவன்டி ஃபெட்ச், ஒரு மதிப்புரை

ஸ்டாட்டிக் தளத்தின் பெருமையே அது யாரையும் நம்பி நிற்பதில்லை என்பதுதான். வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகள். டேட்டாபேஸ் கிடையாது, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நிரல் கிடையாது. ஆனால் அதைக் கட்டும் அந்த ஓரிரு நிமிடங்களில் மட்டும் கிட்ஹப், வானிலைச் சேவை, சிஎம்எஸ் (கட்டுரைகளை எழுதிச் சேமித்து வைக்கும் மென்பொருள்) என்று ஊரார் சர்வர்களையெல்லாம் ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரல் இன்னொரு சேவையிடம் தரவு கேட்கும் வாசல் வழியாக, கூப்பிடுகிறோம். அதில் ஒன்று படுத்தாலும் பில்டு, அதாவது தளத்தைக் கட்டும் அந்த ஓட்டம், படுத்துவிடும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி ஏற்றக்கூட வழி இருக்காது.

இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே இருப்பது இலெவன்டி ஃபெட்ச். ஏபிஐ தந்த பதிலை வட்டில் பிரதியாகச் சேமித்து வைத்து (இதுதான் கேஷ்), அடுத்த பில்டில் அதையே எடுத்துக் கொடுக்கும். ஸாக் லெதர்மன் உருவாக்கிய இலெவன்டி என்ற தளம் கட்டும் கருவியின் அதிகாரபூர்வத் துணைப் பொதி இது. முன்பு 'இலெவன்டி கேஷ் அசெட்ஸ்' என்ற பெயரில் இருந்தது. எம்ஐடி உரிமத்தில் இலவசம். பெயரில் இலெவன்டி இருந்தாலும் இது தனியாக நிற்கும் ஒரு ஃபங்ஷன்தான். எந்த நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் சூழல்) ஸ்கிரிப்டிலும் இறக்குமதி செய்து பயன்படுத்தலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அருமையான கருவி, தயங்காமல் போடலாம். ஆனால் வேலையில் பாதியைத்தான் இது செய்கிறது. மறுபாதி, பில்டு எந்த இடத்தில் ஓடுகிறதோ அந்த இடத்தின் அமைப்பில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால், கேஷ் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

நிறுவுவதில் சொல்ல அதிகமில்லை. நோட்டின் பொதிகளை நிறுவும் என்பிஎம் வழியாக ஒரு வரி. ஐந்தாம் பதிப்புக்கு நோட் 18 அல்லது அதற்கு மேல் வேண்டும். அந்தப் பதிப்பு புதிய மாட்யூல் முறையில் எழுதப்பட்டது, ஆகவே பழைய 'ரிக்வயர்' பாணியில் எழுதிய கான்ஃபிக் வைத்திருப்பவர்கள் டைனமிக் இம்போர்ட்டுக்கு மாற வேண்டும், அல்லது நான்காம் பதிப்பிலேயே நிற்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஐந்துதான் சரி. காரணம் கீழே வருகிறது.

பயன்படுத்துவதும் எளிது. டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. அதிலிருந்து ஓர் அசிங்க் ஃபங்ஷனை ஏற்றுமதி செய்கிறோம். அதற்குள் யூஆர்எல்லையும் இரண்டு அமைப்புகளையும் கொடுத்து ஃபெட்ச்சை அழைக்கிறோம். முதல் அமைப்பு டைப்: ஜேசன் (ஏபிஐக்கள் தரவை அனுப்பும் வழக்கமான வடிவம்), டெக்ஸ்ட், அல்லது படங்களுக்கான பஃபர். இரண்டாவது டியூரேஷன், அதாவது சேமித்த பிரதி எவ்வளவு நேரம் செல்லும் என்ற கெடு. எண்ணும் ஓரெழுத்தும் சேர்த்து எழுத வேண்டும்: நொடிக்கு எஸ், நிமிடத்துக்கு எம், மணிக்கு ஹெச், நாளுக்கு டி, வாரத்துக்கு டபிள்யூ, ஆண்டுக்கு ஒய். எதுவும் சொல்லாவிட்டால் ஒரு நாள். நட்சத்திரக் குறி போட்டால் ஒருமுறை வெற்றிகரமாக எடுத்தபின் திரும்பப் போய்க் கேட்கவே கேட்காது. பூஜ்யம் போட்டால் ஒவ்வொரு முறையும் கேட்கும்.

டைப்பை ஜேசன் என்று குறிப்பதில் இன்னொரு பலன் உண்டு. ஏபிஐ பழுதாகி 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்ற ஹெச்டிஎம்எல் பக்கத்தை 200 நிலையோடு (வெற்றி என்பதற்கான எண்) அனுப்பினால், அதை ஜேசனாகப் படிக்க முடியாமல் பிழை எழும், குப்பை சேமிப்பில் ஏறாது. அதையே டெக்ஸ்ட் என்று குறித்திருந்தால் அந்தப் பராமரிப்புப் பக்கம் உங்கள் தரவாகவே பதிவாகிவிடும். ஜேசன் வரும் இடத்தில் டெக்ஸ்ட் என்று வாங்கி நீங்களே பிரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி உள்ளே நடப்பது. பில்டு ஒருமுறை ஓடியதும் திட்டத்தின் வேர் ஃபோல்டரில், முன்னால் புள்ளி வைத்த 'கேஷ்' என்ற மறைவு ஃபோல்டர் ஒன்று தோன்றும். திறந்தால் கோப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டின் பெயரும் 'இலெவன்டி ஃபெட்ச்' என்று தொடங்கி, 30 எழுத்து நீள ஹாஷில் (யூஆர்எல்லிலிருந்து கணக்கிட்ட அடையாளச் சரம்) முடியும். ஒன்றுக்கு ஜேசன் என்ற பின்னொட்டு. ஏபிஐ தந்த பதில் அதில் அப்படியே இருக்கும். பின்னொட்டில்லாத மற்றது குறிப்புக் கோப்பு. எடுத்த நேரம் அதில் மில்லிவினாடிக் கணக்கில் 13 இலக்க எண்ணாகப் பதிந்திருக்கும். 1735689600000 என்று கண்டால் 2025 ஜனவரி 1, இந்திய நேரப்படி அதிகாலை 5.30 என்று பொருள். ஒரே ஓர் ஏபிஐயை மட்டும் புதிதாக எடுக்க வைக்க வேண்டுமானால் முழு ஃபோல்டரையும் அழிக்க வேண்டியதில்லை, அந்த ஜோடியை நீக்கினால் போதும்.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு கெடு முடிந்தபின் தெரியும். கெடுவுக்குள் இருந்தால் வட்டிலிருந்து படித்துக் கொடுக்கிறது, அதில் அதிசயமில்லை. கெடு முடிந்திருந்தால் ஏபிஐயைக் கேட்கிறது. நல்ல பதில் வந்தால் பழையதை மாற்றுகிறது. பிழை வந்தால், அதாவது இணைப்பு அறுந்தாலும், 500 வந்தாலும், அளவு மீறியதற்காக 403 அல்லது 429 வந்தாலும், பழைய பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பில்டைத் தொடர விடுகிறது. பழைய பிரதியின் நேரமுத்திரை மாறாது, ஆகவே அடுத்த பில்டில் மறுபடி முயலும். கையால் எழுதும் கேஷ் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம்தான். 'கெடு முடிந்தால் அழி, பிறகு எடு' என்று எழுதியிருப்பார்கள். அழித்தபின் எடுக்க முடியாவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

பழைய பிரதியே இல்லாமல் முதல்முறையே தோற்றால் பிழையை எறியும், பில்டு நிற்கும். பலர் உடனே ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடித்து விழுங்கும் நிரல் அமைப்பு) போட்டு ஒரு வெற்று மதிப்பைத் திருப்பிவிடுகிறார்கள். இதை யோசித்துச் செய்ய வேண்டும். தரவில் இரண்டு வகை உண்டு. கிட்ஹப் நட்சத்திர எண்ணிக்கை, இன்றைய வெப்பநிலை போன்றவை அலங்காரம். அவை கிடைக்காவிட்டால் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) என்று திருப்பி, டெம்ப்ளேட்டில் அந்தப் பகுதியையே மறைத்துவிடலாம். பூஜ்யம் என்று காட்டுவது மட்டும் கூடாது, அது தவறான செய்தி. சிஎம்எஸ்ஸிலிருந்து வரும் கட்டுரைகள், விலைப்பட்டியல், கடை முகவரிகள் போன்றவை தளத்தின் உயிர். அவை கிடைக்காவிட்டால் பில்டு நிற்பதுதான் நல்லது. பில்டு தோற்றால் ஹோஸ்டில் நேற்றைய தளம் அப்படியே நிற்கும். ட்ரை-கேட்ச் வெற்றுப் பட்டியலைத் திருப்பினால், கட்டுரையே இல்லாத தளம் வெற்றிகரமாக ஏறிவிடும்.

மேலே சொன்ன மறுபாதி வேலைக்கு வருவோம். இந்தப் பாதுகாப்பு முழுவதும் அந்த மறைவு ஃபோல்டர் அடுத்த பில்டு வரை உயிரோடு இருந்தால்தான். உங்கள் கணினியில் அது இருக்கும். ஹோஸ்டிங் சேவையின் பில்டு இயந்திரமோ ஒவ்வொரு முறையும் வெறுமையாகத் தொடங்கும். ஃபோல்டரைக் காப்பாற்றச் சொல்லாவிட்டால் அங்கே ஒவ்வொரு பில்டும் முதல் பில்டுதான். பழைய பிரதி என்ற ஒன்றே கிடையாது. 'என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் உடைகிறது' என்ற புலம்பலுக்கு இங்கே காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெர்சலில் ஃபிரேம்வொர்க்கை இலெவன்டி என்று தேர்ந்தால் இந்த ஃபோல்டரைத் தானாகவே பாதுகாக்கிறது. கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் பில்டு கேஷ் என்ற வசதியை அமைப்புகளில் இயக்க வேண்டும். இலெவன்டிக்கு எந்த ஃபோல்டர் என்பது அதற்குத் தெரியும். நெட்லிஃபையில் 'நெட்லிஃபை பிளகின் கேஷ்' என்ற செருகியைச் சேர்த்து, பாதைகள் என்ற இடத்தில் இந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுக்க வேண்டும். அங்கே 'கேஷை அழித்துவிட்டு ஏற்று' என்று ஒரு பொத்தான் உண்டு. ஏதாவது கோளாறு என்றால் கை முதலில் அதைத்தான் அழுத்தும். ஏபிஐ படுத்திருக்கும் நேரத்தில் அழுத்தினால், உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே பிரதியையும் நீங்களே அழித்ததாகிவிடும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப்பின் தானியங்கி பில்டு சேவை) கட்டுபவர்கள் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தவறு வெளியே தெரியாது. அதன் கேஷ் ஆக்‌ஷனுக்குப் பாதையும் ஒரு கீயும் கொடுக்கிறோம். ஒரு கீயில் ஒருமுறை சேமித்தது மாறாது. 'லினக்ஸ் இலெவன்டி கேஷ்' என்று ஒரே நிலையான கீயைக் கொடுத்துவிட்டால் முதல் நாள் சேமித்த பிரதியே என்றைக்கும் திரும்ப வரும். அதன் கெடு மறுநாளே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்டும் ஏபிஐயைக் கேட்கும், புதிய பதில் வரும், ஆனால் அது சேமிக்கப்படாது. கேஷ் ஓடுவது போலவே லாக் சொல்லும், பயன் எதுவும் இருக்காது. ஏபிஐ படுக்கும் நாளில் கிடைப்பதோ மூன்று மாதப் பழைய தரவு.

சரியான வழி: கீயின் முடிவில் அந்த ஓட்டத்தின் எண்ணைச் சேருங்கள், அப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிய கீ பிறக்கும். மீட்டெடுக்கும் கீகள் என்ற இடத்தில் எண் இல்லாத முன்பகுதியை மட்டும் கொடுங்கள். அந்த முன்பகுதி பொருந்தும் கேஷ்களில் மிகச் சமீபத்தியதை எடுத்துக்கொள்ளும். தோற்ற ஓட்டத்தையே மறுபடி ஓட்டும் வழக்கம் இருந்தால் முயற்சி எண்ணையும் சேர்ப்பது நல்லது, மறு ஓட்டத்தில் ஓட்டத்தின் எண் மாறுவதில்லை. ஏழு நாள் யாரும் தொடாத கேஷை கிட்ஹப் நீக்கிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் தொடும் தளத்துக்கு வாரம் இரண்டு முறையாவது கால அட்டவணைப்படி பில்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று. அந்த கேஷ் ஆக்‌ஷன், வேலை வெற்றியாக முடிந்தால்தான் சேமிக்கும். பத்து ஏபிஐக்களில் ஒன்பது கிடைத்துப் பத்தாவது தோற்றால் அந்த ஒன்பதும் வீண், அடுத்த முயற்சியில் பத்தையும் கேட்க வேண்டும். மீட்டெடுப்பதையும் சேமிப்பதையும் தனித்தனிப் படிகளாகச் செய்யும் இரு துணை ஆக்‌ஷன்கள் அதே பொதியில் உண்டு. சேமிக்கும் படிக்கு 'எப்போதும் ஓடு' என்ற நிபந்தனையைக் கொடுத்தால் கிடைத்தவரை காப்பாற்றப்படும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கப் பலர் யூஆர்எல்லை வேண்டுமென்றே தவறாக எழுதிப் பார்க்கிறார்கள். அது பயன்படாது. ஹாஷ் யூஆர்எல்லிலிருந்துதான் வருகிறது. யூஆர்எல் மாறினால் அது வேறு கோப்பு, பழைய பிரதி அதற்குப் பொருந்தாது. ஒருமுறை ஒழுங்காக பில்டு ஓட்டுங்கள், கெடுவைப் பூஜ்ய நொடி ஆக்குங்கள், வைஃபையை அணையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். பில்டு முடிந்து தளம் முழுதாக வந்தால் பாதுகாப்பு வேலை செய்கிறது. டீபக் என்ற சூழல் மாறியில் 'இலெவன்டி', முக்காற்புள்ளி, 'ஃபெட்ச்', நட்சத்திரக் குறி என்று சேர்த்தெழுதி ஓட்டினால் எது வட்டிலிருந்து வந்தது, எது வலையிலிருந்து வந்தது என்பது வரிவரியாகத் தெரியும்.

குறைகள் உண்டு. பெரியது இது: 200 நிலையோடு வரும் எதையும், ஜேசனாகப் படிக்க முடிந்தால், இது நல்ல பதில் என்றே ஏற்றுக்கொள்கிறது. கிராஃப்கியூஎல் (வேண்டிய புலங்களை மட்டும் வினவிப் பெறும் ஏபிஐ முறை) சேவைகள் பிழையையும் பொதுவாக 200 நிலையில்தான் அனுப்பும், உள்ளே 'எரர்ஸ்' என்ற பகுதி மட்டும் கூடுதலாக இருக்கும். சில ஏபிஐக்கள் சிக்கல் வரும்போது வெற்றுப் பட்டியலைத் தருகின்றன. இரண்டுமே சேமிப்பில் ஏறி, நல்ல பழைய பிரதியை மேலெழுதிவிடும். அதன்பின் ஒரு நாள் முழுக்க அந்தக் கெட்ட பிரதிதான் 'செல்லுபடியாகும்' தரவு. பதிலைச் சோதித்துத் தள்ளுவதற்கென்று தனி அமைப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பைப் பரிந்துரைக்கக் காரணம், அதில் இதற்கு ஒரு நேர்த்தியான சுற்றுவழி இருக்கிறது.

யூஆர்எல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அசிங்க் ஃபங்ஷனைக் கொடுக்கலாம். கூடவே ரிக்வெஸ்ட் ஐடி என்ற தனித்த பெயரும், டைப் ஜேசன் என்பதும். அந்த ஃபங்ஷனுக்குள் நோட்டின் சாதாரண ஃபெட்ச்சால் நீங்களே ஏபிஐயைக் கூப்பிடுங்கள். நிலை எண்ணைப் பாருங்கள், சாதாரண ஃபெட்ச் 500 வந்தாலும் பிழை எறியாது. 'எரர்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் குறைந்தது இத்தனை உருப்படி வேண்டும் என்று ஓர் எல்லை வையுங்கள். 80 கட்டுரை உள்ள தளத்துக்கு 40க்குக் கீழே வந்தால் ஏதோ கோளாறு என்று கொள்ளலாம். எது பொருந்தாவிட்டாலும் பிழையை எறியுங்கள். எறிந்த பிழையை இலெவன்டி ஃபெட்ச் வலைப்பிழை போலவே நடத்தும்: புதியதைச் சேமிக்காது, பழைய பிரதியைக் கொடுக்கும். பத்துப் பதினைந்து வரிதான். இந்தக் கருவியை உண்மையில் நம்பத்தக்கதாக்குவது இந்தப் பதினைந்து வரிதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

பக்கம் பக்கமாகத் தரவு தரும் ஏபிஐக்களுக்கும் இதே முறைதான் சரி. கிட்ஹப் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 உருப்படி தரும். 250 இஷ்யூ (திட்டத்தில் பதிந்த பிழை அல்லது கோரிக்கைக் குறிப்பு) வேண்டுமானால் மூன்று அழைப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் தனி யூஆர்எல்லாக இலெவன்டி ஃபெட்ச்சிடம் கொடுத்தால் மூன்று தனிக் கோப்புகள், மூன்று தனிக் கெடுக்கள். முதல் பக்கம் இன்று புதுப்பிக்கப்பட்டு, இரண்டாவது பக்கம் பிழையால் நேற்றைய பிரதியாகவே வந்தால் என்ன ஆகும்? இடையில் புதிதாக ஓர் இஷ்யூ வந்திருந்தால் முதல் பக்கத்தின் கடைசி உருப்படி கீழே தள்ளப்பட்டிருக்கும். ஆனால் இரண்டாம் பக்கத்தின் பழைய பிரதியில் அது இல்லை. அந்த ஓர் உருப்படி தளத்திலிருந்தே காணாமல் போகும். ஒன்று மூடப்பட்டிருந்தால் மாறாக ஒரே உருப்படி இருமுறை வரும். லாக்கில் பிழையே தெரியாது. எல்லாப் பக்கங்களையும் ஒரே ஃபங்ஷனுக்குள் சுற்றி எடுத்து ஒரே பிரதியாகச் சேமித்தால், கிடைத்தால் முழுதும் புதியது, இல்லாவிட்டால் முழுதும் பழையது.

நான்காம் பதிப்பிலேயே இருப்பவர்கள் இதை அசெட் கேஷ் என்ற கிளாஸால் செய்யலாம்: பெயர் கொடு, கெடு முடிந்ததா என்று கேள், முடியாவிட்டால் சேமித்ததை எடு, முடிந்திருந்தால் நீயே எடுத்துச் சேமி. ஆனால் தோற்றால் பழையதுக்குத் திரும்பும் வேலை அதில் தானாக நடக்காது, அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

காத்திருப்பு நேரத்துக்கு இயல்பான எல்லை போதாது. நோட்டின் உள்ளிருக்கும் ஃபெட்ச், இணைப்பு கிடைத்தபின் பதிலின் ஹெடருக்காக 300 வினாடி வரை காத்திருக்கும். முழுதாகச் செத்த சர்வரைவிட, இணைப்பை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்கும் சர்வர்தான் பெரிய தொல்லை. பில்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்கும். ஃபெட்ச் அமைப்புகளில் அபார்ட் சிக்னலின் டைம்அவுட்டை 10,000 மில்லிவினாடிக்கு வையுங்கள். ஒரு நுணுக்கம்: அந்தக் கடிகாரம் சிக்னலை உருவாக்கிய நொடியிலிருந்தே ஓடத் தொடங்கும். இலெவன்டி ஃபெட்ச் ஒரே நேரத்தில் பத்து அழைப்புகளைத்தான் வெளியே விடுகிறது, மற்றவை வரிசையில் நிற்கும். 60 யூஆர்எல்லை மொத்தமாக அனுப்பினால் வரிசையின் கடைசியில் நிற்பவை வெளியே போகும் முன்பே நேரம் தீர்ந்து தோற்கலாம். ஃபங்ஷன் முறையில் சிக்னலை உள்ளே, அழைக்கும் தருணத்தில் உருவாக்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

ரகசியங்கள் விஷயத்தில் மெத்தனம் கூடாது. புள்ளி கேஷ் ஃபோல்டரை கிட் இக்னோரில் (கிட் களஞ்சியத்துக்குள் போகக்கூடாதவற்றின் பட்டியல்) உடனே சேருங்கள். ஆவணத்திலும் அதையே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். ஏபிஐ தரும் முழுப் பதிலும் அங்கே இருக்கிறது. தளத்தில் நீங்கள் காட்டுவது பெயர் மட்டும் என்றாலும், மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அந்தப் பதிலில் இருக்கலாம். பொதுவில் இருக்கும் கிட்ஹப் களஞ்சியத்தின் ஆக்‌ஷன்ஸ் கேஷும் முழுப் பாதுகாப்பானது அல்ல. ஃபோர்க் செய்து (களஞ்சியத்தைத் தன் பெயரில் நகலெடுத்து) புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கோரிக்கை) அனுப்புபவரால் அதைப் படிக்க முடியும். தேவையான புலங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேமிப்பதுதான் இதற்கு மருந்து. அதற்கும் ஃபங்ஷன் முறையே கைகொடுக்கும்.

ஏபிஐ சாவியை யூஆர்எல்லின் வினவல் பகுதியில் வைக்கச் சொல்லும் சேவைகள் இன்னும் இருக்கின்றன. வெர்போஸ் அமைப்பு இயங்கும்போது முழு யூஆர்எல்லும் பில்டு லாக்கில் அச்சாகும், சாவியும் சேர்ந்தே அச்சாகும். ஹெடரில் அனுப்ப வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வினவல் பகுதியை அடையாளத்திலிருந்து நீக்கும் அமைப்பு ஒன்று உண்டு. சாவியை மாற்றினாலும் பழைய பிரதி செல்ல வேண்டும் என்றால் உதவும். ஆனால் பக்க எண்ணும் அதே வினவலில் இருந்தால் எல்லாப் பக்கங்களும் ஒரே கோப்பாகிவிடும், கவனம். அடையாளத்தைக் கணக்கிடும்போது யூஆர்எல்லும், மெத்தடும், அனுப்பும் பாடியும் பார்க்கப்படுகின்றன, ஹெடர் பார்க்கப்படுவதில்லை. ஒரே யூஆர்எல்லை இரண்டு டோக்கனால் கேட்டு இரண்டு விதமான பதில் எதிர்பார்ப்பவர்கள் தனித்தனி ஃபோல்டர், அல்லது ஃபங்ஷன் முறையில் தனித்தனி ரிக்வெஸ்ட் ஐடி, கொடுக்க வேண்டும்.

கிட்ஹப் ஏபிஐயை டோக்கன் இல்லாமல் கேட்டால் ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 60 அழைப்பு, தனிப்பட்ட டோக்கனோடு 5,000, ஆக்‌ஷன்ஸ் தானாகத் தரும் டோக்கனோடு ஒரு களஞ்சியத்துக்கு 1,000. பில்டு சேவைகளின் ஐபி முகவரியைப் பலர் பகிர்கிறார்கள், ஆகவே அந்த 60ஐ உங்கள் பில்டு தொடங்கும் முன்பே வேறு யாராவது தீர்த்திருக்கலாம். இரண்டே அழைப்பு உள்ள தளம் திடீரென 403 வாங்குவது இதனால்தான். கேஷ் இருக்கிறதே என்று டோக்கனைத் தவிர்க்க வேண்டாம்.

எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கருவி தரும் சுகம் தனி. இலெவன்டியை சர்வ் முறையில் ஓட்டினால், ஒரு கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தளம் மறுபடி கட்டப்படும், டேட்டா கோப்புகளும் மறுபடி ஓடும். கேஷ் இல்லாவிட்டால் சிஎஸ்எஸ்ஸில் ஒரு நிறத்தை மாற்றியதற்கெல்லாம் ஏபிஐக்கு அழைப்பு போகும். இலெவன்டி ரன் மோட் என்ற சூழல் மாறியைப் பார்த்து, சர்வ் என்றால் கெடுவை நட்சத்திரக் குறியாகவும், பில்டு என்றால் ஒரு நாளாகவும் வைத்துவிட்டால் ரயிலில் இணைப்பே இல்லாமல்கூட வேலை நடக்கும்.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். ஹ்யூகோ என்ற இன்னொரு தளம் கட்டும் கருவியில் கெட்ரிமோட் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, தனிப் பொதி தேவையில்லை. ஆனால் இயல்பான அமைப்பில் அதன் கேஷுக்குக் கெடுவே இல்லை. கான்ஃபிக்கில் மாற்றாவிட்டால் தரவு புதுப்பிக்கப்படாமலே கிடக்கும். இன்னொரு வழி எந்தக் கருவியும் வேண்டாம் என்பது: கால அட்டவணைப்படி ஒரு ஸ்கிரிப்ட் ஏபிஐயைக் கேட்டு, ஜேசன் கோப்பை டேட்டா ஃபோல்டரில் எழுதி, கிட்டில் கமிட் செய்யும். இதை நிரலாளர் சைமன் வில்லிசன் 2020இல் 'கிட் ஸ்கிரேப்பிங்' என்ற பெயரில் விளக்கி எழுதியபின் பரவலானது. தரவு பொதுவானதாகவும் சிறியதாகவும் இருந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதும் முக்கியமானால் இதுவே மேல்: வரலாறு இலவசமாகக் கிடைக்கிறது, எந்த ஹோஸ்டிலும் கேஷ் அமைப்பு தேவையில்லை, பில்டின்போது வலையே வேண்டாம். தரவு பெரிதாகவோ தனிப்பட்டதாகவோ இருந்தால் கிட்டுக்குள் போகக்கூடாது. அங்கே இலெவன்டி ஃபெட்ச்தான்.

இரண்டுக்குமே கால அட்டவணை வேண்டும். பில்டு ஓடினால்தான் கெடுவைப் பற்றிய பேச்சே; ஒரு மணி நேரக் கெடு வைத்துவிட்டு வாரம் ஒருமுறை பில்டு ஓட்டினால் தரவு ஒரு வாரப் பழசுதான். ஆக்‌ஷன்ஸின் அட்டவணை இயல்பாக யுடிசி நேரத்தில் ஓடும். இந்தியாவில் காலை 6 மணிக்கு வேண்டுமானால் 0 மணி 30 நிமிடம் என்று எழுத வேண்டும். முழு மணியில் கூட்டம் அதிகம் என்பதால் தாமதமாகும், 17, 43 போன்ற நிமிடங்களைத் தேர்ந்தெடுங்கள். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் கிட்ஹப் அட்டவணையையே நிறுத்திவிடும்.

பழைய பிரதி அமைதியாக வந்து உட்காருவது இந்தக் கருவியின் பலம். ஆனால் அதே அமைதியால், ஏபிஐ மூடப்பட்டு மாதக்கணக்கானாலும் தளம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். லாக்கில் ஒரு வரி வரும். வெற்றியான பில்டின் லாக்கை யார் படிக்கிறார்கள்? எனவே ஃபங்ஷனுக்குள் தரவோடு கூடவே 'எடுத்த நேரம்' என்று ஒரு புலத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பழைய பிரதி வந்தால் அதனுடைய பழைய நேரமும் கூடவே வரும். டெம்ப்ளேட்டில் அந்தத் தேதியைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். டேட்டா கோப்பில், ஃபெட்ச் திருப்பிக் கொடுத்தபின், அந்த நேரம் ஏழு நாளுக்கு மேல் பழசானால் பிழை எறிந்து பில்டை நிறுத்துங்கள். பில்டு தோற்றால் மின்னஞ்சல் வரும்படி ஹோஸ்டில் அமைத்திருந்தால், எட்டாம் நாள் காலையில் உங்களுக்குத் தகவல் வந்துவிடும். வாசகர் கண்ணில் அதுவரை உடைந்த பக்கம் ஒன்றுகூடப் பட்டிருக்காது.